சைக்கிள் விலை குறைந்தது. சீட் செய்பவர் பாடு என்ன?

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ந் தேதி சைக்கிள் மீதுள்ள வரி குறைந்தது. அதற்கு முன் நூற்றுக்கு 12 ரூபாய் வரி. அன்று முதல் நூற்றுக்கு 5 ரூபாய்தான். கம்பெனி விலை 5,000 ரூபாய் என்றால், முன்பு வரியோடு 5,600 ரூபாய் கொடுத்தோம். இப்போது 5,250 ரூபாய் போதும். 350 ரூபாய் மிச்சம். நடுத்தரக் குடும்பத்துக்கு இது சிறு தொகை அல்ல. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ஒரு பூட்டும், காற்றடிக்கும் பம்பும் வாங்கிவிடலாம்.

சைக்கிள் ஏழைகளின் வாகனம். அதன் மீது வரியைக் குறைத்தது நல்ல காரியம். இதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது.

சைக்கிளுக்கு மட்டும் வரி குறையவில்லை. சீட், கேரியர், ஸ்டாண்டு, பெடல் முதலிய உதிரிச் சாமான்களுக்கும் வரி 12லிருந்து 5 ஆகிவிட்டது. அப்படியானால் அவற்றைச் செய்கிறவர்கள் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? சந்தோஷப்படத்தான் செய்தார்கள். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிட்டது.

வரி குறைந்தால் ஒருவருக்கு நஷ்டம் வருமா? வரும். எப்படி என்று பார்ப்போம்.

பெயர் ஒருவருடையது, வேலை நூறு பேருடையது

ஒரு சைக்கிளின் மீது ஒரு கம்பெனியின் பெயர்தான் எழுதியிருக்கும். அந்தக் கம்பெனியே முழுச் சைக்கிளையும் செய்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது சரியல்ல. பெரிய கம்பெனி பிரேமைச் செய்யும். இன்னும் சில முக்கியமான பாகங்களையும் செய்யும். மற்றவற்றை வெளியே வாங்கும். சீட் ஒரு பட்டறையிலிருந்து வரும். கேரியர் இன்னொரு பட்டறையிலிருந்து வரும். ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர் எல்லாம் வேறு வேறு இடங்களிலிருந்து வரும். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்துப் பெயர் ஒட்டுவார்கள்.

இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் தலைநகரம் பஞ்சாப் மாகாணத்தில் உள்ள லூதியானா. 1947ல் தேசம் பிரிந்தபோது மேற்குப் பஞ்சாபிலிருந்து ஓடி வந்தவர்கள் பலர் அங்கே குடியேறினார்கள். முஞ்சால் சகோதரர்களும் அங்கே குடியேறினார்கள். முதலில் சைக்கிள் சாமான்களை வாங்கி விற்றார்கள். பிறகு தாங்களே சாமான் செய்தார்கள். 1956ல் ஹீரோ சைக்கிளைத் தொடங்கினார்கள். முப்பதே வருஷத்தில், 1986ல், உலகத்திலேயே அதிக சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் அந்தப் பெயர் ஏறியது.

நம் ஊரிலும் இந்தத் தொழில் உண்டு. சென்னைக்கு அடுத்த அம்பத்தூரில் 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஏற்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டா? தாத்தா வைத்திருந்த ஹெர்குலிஸை இன்றும் எண்ணெய் போட்டு வைத்திருக்கும் வீடுகள் உண்டு.

சிறு பட்டறைகள் வளர்ந்ததற்கு சர்க்காரின் கொள்கையும் ஒரு காரணம். 1967ல் சில சாமான்களைச் சிறுதொழில்காரர்கள் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். சைக்கிள் பாகங்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. பெரிய கம்பெனிக்கு அவற்றை வெளியே வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. பிறகு அந்தப் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. 2015ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இன்று பட்டறைக்காரருக்கு வேலி கிடையாது. யாரும் செய்யலாம். சீனாவிலிருந்து இறக்குமதியும் செய்யலாம்.

பின் சீட் எப்படிப் பிறக்கிறது?

சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போகாதவர் நம்மில் யார்? அப்பா மிதிப்பார். அம்மா பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பாள். முன் பாரில் சின்னஞ்சிறு சீட் ஒன்று மாட்டியிருக்கும். அதில் குழந்தை. ஒரு காலத்தில் 'டபுள்ஸ்' போனால் போலீஸ்காரர் பிடிப்பார். அந்தப் பயம் இருந்தும் யாரும் டபுள்ஸ் போவதை நிறுத்தவில்லை.

அந்த சீட்டையும் கேரியரையும் செய்வது பார்வைக்குச் சுலபமான வேலை. உள்ளே போய்ப் பார்த்தால்தான் அதில் எத்தனை படி இருக்கிறது என்று தெரியும்.

முதலில் இரும்புக் கம்பியும் பட்டையும் வாங்க வேண்டும். அளவு பார்த்து வெட்ட வேண்டும். அச்சில் வைத்து வளைக்க வேண்டும். பிறகு வெல்டிங். வெல்டிங் செய்த இடத்தில் பிசிறு தட்டக்கூடாது. தட்டினால் சேலை கிழியும், கை கிழியும். ஆகவே தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். அதன் பின் துருவைப் போக்கிக் கழுவ வேண்டும். கடைசியில் பெயிண்ட், அல்லது நிக்கல் முலாம், குரோமிய முலாம். இதன் மேல் மெத்தை வைக்க வேண்டுமானால் அது தனி வேலை. பலகை அல்லது தகடு ஒன்றை வெட்டி, அதன் மேல் ஃபோம் ஒட்டி, ரெக்சின் துணியை இழுத்துக் கட்டி, அடியில் ஆணி அடிக்க வேண்டும். ரெக்சினை இழுக்கிற இழுப்பில்தான் கைத்திறமை இருக்கிறது. தளர்ந்தால் ஒரு மழைக்காலத்துக்குள் சுருங்கிவிடும். அதிகம் இழுத்தால் மூலையில் கிழிந்துவிடும்.

முலாம் பூசுவதை அநேகமாக எந்தச் சிறு பட்டறைக்காரரும் தாமே செய்வதில்லை. வெளியே அனுப்புவார். முலாம் பூசிய கழிவு நீர் விஷம். குரோமியம் கலந்த நீர் நிலத்தையும் கிணற்றையும் கெடுக்கும். லூதியானாவில் புட்டா நாலா என்ற ஓடை கறுத்துப் போனதற்குச் சாயப் பட்டறைகளோடு முலாம் பட்டறைகளும் காரணம் என்று வழக்கும் விவகாரமும் பல வருஷமாக நடக்கின்றன. கழிவு நீரைச் சுத்தம் செய்யச் செலவாகும். அந்தச் செலவும் கேரியர் விலையில்தான் ஏற வேண்டும். ஆனால் ஏற விடமாட்டார்கள். அடுத்த பட்டறைக்காரர் இரண்டு ரூபாய் குறைத்துக் கொடுக்கத் தயாராக இருப்பார்.

இன்னொரு விஷயம். கேரியர் என்பது சாமான் வைப்பதற்கு. ஆள் உட்காருவதற்கு அல்ல. சாதாரணக் கேரியர்கள் பலவற்றுக்கு உலகத் தர அளவையில் சொல்லியிருக்கும் சுமை 25 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். நம் ஊரில் அதே கேரியரில் 60 கிலோ ஆள் உட்காருகிறார். மடியில் குழந்தை வேறு. வெல்டிங் விட்டுப்போனால் குற்றம் யாருடையது? வாங்கியவர் கம்பெனியைத் திட்டுவார். கம்பெனி பட்டறைக்காரரின் பில்லில் பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பின்னால் உட்காரும் குழந்தைக்குக் கால் வைக்க இடம் இல்லாவிட்டால், கால் தொங்கும். தொங்கும் கால் ஸ்போக்ஸ் கம்பிக்குள் போய்விடும். குதிகால் சதை பிய்ந்துவிடும். எலும்பும் முறியலாம். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களுக்கு இது பழக்கமான காயம். இதைத் தடுக்க அதிகச் செலவு இல்லை. இரண்டு கால் படியும், சக்கரத்தை மூடும் ஒரு தட்டியும் போதும். ஆனால் புதுச் சைக்கிளோடு அவை வருவதில்லை. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்பவர்கள் குறைவு.

பதினெட்டு வாங்கி ஐந்து விற்றால்

இப்போது வரிக் கணக்குக்கு வருவோம். ஒரு பட்டறைக்காரரை நினைத்துக்கொள்வோம். அவர் செய்யும் பின் சீட்டுக்கு 100 ரூபாய் விலை என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அதில் 60 ரூபாய்க்கு இரும்பு வாங்குகிறார்.

இரும்புக்கு வரி நூற்றுக்கு 18 ரூபாய். அது குறையவில்லை. ஆகவே 60 ரூபாய் இரும்புக்கு 10 ரூபாய் 80 காசு வரி கட்டுகிறார். சீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் வரி வசூலிக்கிறார். முன்பு 12 ரூபாய் வசூலித்தார். தாம் ஏற்கெனவே கட்டிய 10.80ஐக் கழித்துக்கொண்டு, மீதி 1 ரூபாய் 20 காசை சர்க்காருக்குக் கட்டினார். கணக்கு நேராக முடிந்தது.

இப்போது வசூலிப்பது 5 ரூபாய்தான். கட்டியதோ 10.80. மீதி 5 ரூபாய் 80 காசு அவருக்குத் திரும்ப வர வேண்டும். அது யாரிடம் இருக்கிறது? சர்க்கார் கஜானாவில் இருக்கிறது.

ஒரு சீட்டுக்கு ஐந்தே முக்கால் ரூபாய் என்றால் அற்பமாகத் தோன்றும். மாதம் 5,000 சீட் செய்கிறவருக்கு 29,000 ரூபாய். மூன்று மாதம் பணம் வராவிட்டால் 87,000 ரூபாய். அது அவருடைய லாபம் அல்ல, முதல். அடுத்த லோடு இரும்பு வாங்க வைத்திருக்கும் பணம். அது இல்லாவிட்டால் வட்டிக்கு வாங்க வேண்டும். வட்டி கட்டினால், நூறு ரூபாயில் அவருக்கு நிற்கும் நாலைந்து ரூபாயில் ஒரு பங்கு போய்விடும்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இப்படிச் சாமானுக்கு வரி அதிகமாகவும் செய்த பொருளுக்கு வரி குறைவாகவும் இருந்தால், அதிகப்படியைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல். வாங்கிய சாமான்களுக்குக் கட்டிய வரிதான் திரும்பி வரும். வாடகை, லாரி, வெளியே செய்வித்த வேலை முதலியவற்றுக்குக் கட்டிய வரி இந்தக் கணக்கில் சேராது. மெஷினுக்குக் கட்டிய வரியும் சேராது. இது நியாயமா என்று செருப்புக் கம்பெனி ஒன்று சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. சட்டம் சொன்னது சொன்னதுதான் என்று 2021 செப்டம்பரில் தீர்ப்பாயிற்று.

சர்க்காருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும். வரியைக் குறைக்க முடிவு செய்த அதே 2025 செப்டம்பர் கூட்டத்தில், திருப்பித் தர வேண்டிய தொகையில் நூற்றுக்கு 90ஐ முதலிலேயே கொடுத்துவிட்டு, பிறகு சரி பார்க்கலாம் என்றும் முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. ஆனால் பணம் கேட்க மனுப் போட வேண்டும். மனுவைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும். கணக்கர் வைக்க வேண்டும். காலையில் வெல்டிங், மாலையில் டெலிவரி என்று ஓடுகிறவருக்கு இது ஒரு தனி உத்தியோகம்.

"சின்ன வியாபாரிக்கு வேறு சுலபமான திட்டம் இருக்கிறதே?" என்று கேட்கலாம். இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் விற்பவர், விற்றுமுதலில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆனால் அவர் இரும்புக்குக் கட்டிய வரியைக் கழிக்க முடியாது. வெளி மாகாணத்துக்குச் சரக்கு அனுப்ப முடியாது. பில்லில் வரி போட முடியாது. பில்லில் வரி இல்லாவிட்டால் பெரிய கம்பெனி அந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே, "நீங்கள் பெரிய திட்டத்துக்கு வாருங்கள், இல்லாவிட்டால் சரக்கு வேண்டாம்" என்பார்கள். உள்ளூர்ச் சைக்கிள் கடைகளுக்கு மட்டும் விற்கிறவருக்குத்தான் அந்தச் சின்னத் திட்டம் பொருந்தும்.

இரும்பு விலையும் சும்மா இருப்பதில்லை. 2025 ஏப்ரலில், வெளிநாட்டிலிருந்து வரும் சில வகை இரும்புத் தகடுகளுக்கு நூற்றுக்கு 12 வீதம் கூடுதல் தீர்வை போட்டார்கள். நம் நாட்டு உருக்காலைகளைக் காப்பாற்றுவதற்காக. உருக்காலை பெரியது. டில்லிக்கு அதன் குரல் கேட்கும். தகட்டை வாங்கி சீட் செய்கிறவர் ஆயிரம் இடத்தில் சிதறிக் கிடக்கிறார். அவர் குரல் யாருக்குக் கேட்கும்?

நாற்பத்தைந்து நாள்

வரியைவிடப் பெரிய தலைவலி பாக்கி. சிறு பட்டறைக்காரர் இரும்பைக் கையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். சரக்கைக் கடனுக்குத்தான் விற்கிறார். பெரிய கம்பெனி மூன்று மாதம் கழித்துப் பணம் தரும். சில சமயம் ஆறு மாதமும் ஆகும். போய்க் கேட்டால், "அடுத்த வாரம் பார்க்கலாம், அண்ணே" என்பார்கள். அந்த அடுத்த வாரம் சுலபத்தில் வராது.

இதற்கு 2006ஆம் வருஷமே சட்டம் செய்தார்கள். எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் வட்டியைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் வட்டிக்கு வட்டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். சட்டம் கடுமையானதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு புகார் செய்தவர்கள் எத்தனை பேர்? புகார் செய்தால் வட்டி கிடைக்கலாம். அடுத்த ஆர்டர் கிடைக்காது.

இதை உணர்ந்து இன்னொரு வழி செய்தார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு புது விதி. சிறு உற்பத்தியாளருக்குக் காலத்தில் பணம் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் கம்பெனி காட்ட முடியாது. உண்மையில் எந்த வருஷம் கொடுக்கிறதோ அந்த வருஷம்தான் காட்டலாம். அதாவது, பாக்கி வைத்தால் கம்பெனிக்கே வரி அதிகமாகும். புகார் எதுவும் வேண்டாம். இது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் வாயைத் திறக்காமலே அவருக்கு வேலை நடக்கிறது.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை. 'உத்யம்' பதிவு இருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் போதும். பதிவு செய்து, அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடிக்க வேண்டும். இதைச் செய்யாத பட்டறைகள் இன்னும் உண்டு. செய்து தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் தரகர்களும் உண்டு. கட்டணம் இல்லாத வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பாக்கி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அட்லஸ் ஓர் உதாரணம். 1951ல் அரியானா பக்கம் சோனேபட்டில் தொடங்கிய கம்பெனி அது. நாடெங்கும் அதன் பெயர் பரவியது. நஷ்டம் வந்து, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியாக இருந்த சாகிபாபாத் தொழிற்சாலை 2020 ஜூன் 3ந் தேதி நின்றது. அன்றுதான் உலக சைக்கிள் தினம்! இப்படிப் பெரிய ஆலை நின்றால் கேட்டுக்கு முன்னால் நிற்கும் தொழிலாளியைப் பத்திரிகைகள் படம் பிடிக்கும். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் சிறு பட்டறைக்காரரை யாரும் படம் பிடிப்பதில்லை.

இலவச சைக்கிளும் பட்டறையும்

இன்று சைக்கிள் தொழிலின் பெரிய வாடிக்கைக்காரர் யார்? சர்க்கார்தான். தமிழ்நாட்டில் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தார்கள். பிறகு அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பீகாரில் 2006ல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குத் தொடங்கியது. மேற்கு வங்காளத்தில் 2015ல்.

இதன் பலனில் சந்தேகமில்லை. பீகார்த் திட்டத்தைக் கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 32 வீதம் உயர்ந்தது. ஆண், பெண் வித்தியாசம் நூற்றுக்கு 40 வீதம் குறைந்தது. இரும்பும் ரப்பரும் கொண்ட ஒரு வண்டி இதைச் செய்தது.

பட்டறைக்காரர் கண்ணால் பார்த்தால் பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு வித்தியாசம் தெரியும். பீகாரில் பெண்ணின் கையில் 2,000 ரூபாய் கொடுத்தார்கள். அவள் தகப்பனாரோடு கடைக்குப் போனாள். தனக்குப் பிடித்த சைக்கிளை வாங்கினாள். பணம் அநேகமாக முழுவதும் சைக்கிளாகவே மாறியது என்றும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது. இப்படி வாங்கினால் கடைக்காரர்கள் பலருக்கு வியாபாரம். கடைக்காரரிடம் சீட், கூடை, சாரி கார்டு விற்பவருக்கும் வியாபாரம்.

தமிழ்நாட்டில் டெண்டர் முறை. சர்க்கார் லட்சக்கணக்கில் ஒரே மாதிரி சைக்கிள் வாங்குகிறது. விலை மலிவாகக் கிடைக்கிறது. பிள்ளைக்கு அலைச்சல் இல்லை. ஆனால் ஆர்டர் இரண்டு மூன்று பெரிய கம்பெனிகளுக்குத்தான் போகும். அவர்கள் கீழே உள்ள பட்டறைகளுக்கு விலை சொல்வார்கள். டெண்டர் விலை பேசிய பின் இரும்பு விலை ஏறினால், கம்பெனி பட்டறையைப் பார்க்கும். பட்டறை யாரைப் பார்க்கும்? டெண்டர் தள்ளிப்போனால் மூன்று மாதம் வேலை இல்லை. வந்துவிட்டால் இரவு பகல் ஓய்வு இல்லை. வெல்டிங் தெரிந்த ஆள் மூன்று மாதம் சும்மா இருப்பானா? வேறு வேலைக்குப் போய்விடுவான்.

சர்க்கார் பணம் மிச்சமாவது முக்கியந்தான். இருந்தாலும் கேரியர், சீட், பூட்டு போன்ற சில சாமான்களை மட்டுமாவது அந்தந்த மாவட்டத்துப் பட்டறைகளில் வாங்க ஏற்பாடு செய்தால், ஒரே டெண்டரில் படிப்பும் வளரும், பட்டறையும் பிழைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கடல் கடந்த பின் சீட்

பின் சீட்டே ஒரு பெரிய தொழிலான இடம் ஒன்று உண்டு. அது கிழக்கு ஆப்பிரிக்கா. கென்யாவும் உகாண்டாவும் சேரும் எல்லையில் புசியா என்று ஓர் ஊர். இரண்டு நாட்டுச் சாவடிக்கும் நடுவில் நடக்க வேண்டும். 1960களில் அங்கே சிலர் சைக்கிள் கேரியரில் மெத்தை கட்டி, ஆட்களை ஏற்றி, "பார்டர்! பார்டர்!" என்று கூவினார்கள். அந்தக் கூவல் 'போடா போடா' என்று மருவியது. அதுவே வண்டியின் பெயராயிற்று. நம் காதுக்கு அது திட்டுவது போலக் கேட்கும். அங்கே அது மரியாதையான தொழில்.

அவர்கள் மிதித்தவை இந்தியாவிலும் சீனாவிலும் செய்த கனமான கறுப்புச் சைக்கிள்கள். கேரியரைப் பலப்படுத்தி வெல்டிங் செய்யவும், மெத்தை தைக்கவும், கால் படி மாட்டவும் ஊருக்கு ஊர் கைத்தொழிலாளிகள் ஏற்பட்டார்கள். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. பஜாஜ் வந்தது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் டி.வி.எஸ். வண்டியும் போயிற்று. உகாண்டா நகரங்களில் மிதிவண்டி போடா போடா அநேகமாக மறைந்தது. மலாவி நாட்டில் இன்னும் சைக்கிள் டாக்சிதான் சாதாரண ஜனங்களின் சவாரி.

இங்கேயும் கதை அதுதான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் குடும்பம் மொபெட்டுக்கு மாறியது. பிறகு ஸ்கூட்டர். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் பாதிக் குடும்பங்களில் சைக்கிள் இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ஐந்தில் நான்கு குடும்பங்களில் இருக்கிறது. ஆக, சைக்கிள் போய்விடவில்லை. பின்னால் உட்காரும் ஆள்தான் இறங்கிவிட்டார்.

வேறு ஒரு பக்கத்தில் அவர் ஏறுகிறார். ஐரோப்பாவில் தாய்மார்கள் குழந்தையைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே குழந்தை சீட்டுக்குத் தனித் தர அளவை இருக்கிறது. பின் சீட்டில் 22 கிலோ வரை உள்ள குழந்தையை வைக்கலாம். குழந்தையைக் கட்ட வார் வேண்டும். கால் கட்ட வார் வேண்டும். கால் சக்கரத்தில் படாதபடி மறைப்பு வேண்டும். இவ்வளவும் சோதனை செய்து சான்று பெற வேண்டும். அந்த சீட்டின் விலையில் நம் ஊரில் ஒரு முழுச் சைக்கிளே வாங்கலாம்.

சீனச் சைக்கிள்கள் மீது ஐரோப்பா 1993 முதலே கூடுதல் தீர்வை போட்டு வருகிறது. 2005ல் அது நூற்றுக்கு 48½ வரை போனது. அந்த இடைவெளியில் நாம் நுழையலாம் என்று வெகு நாளாகப் பேசுகிறோம். தடை எங்கே இருக்கிறது? கைத்திறமையில் இல்லை. சோதனைச் சான்றில் இருக்கிறது. லூதியானாவில் சைக்கிளுக்கும் தையல் மெஷினுக்கும் என்றே சர்க்கார் ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அச்சு செய்யவும், சாமானைச் சோதிக்கவும் அங்கே வசதி இருக்கிறது. ஆனால் தனியாக ஒரு பட்டறைக்காரர் அச்சுக்கும் சான்றுக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்க முடியாது. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். பத்துப் பேரும் ஒரே கம்பெனியிடம் ஆர்டருக்குப் போட்டி போடுகிறவர்கள். சேருவார்களா என்பதுதான் கேள்வி.

அதுவரை உள்ளூரிலேயே ஒரு வியாபாரம் காத்திருக்கிறது. கால் படியும் சக்கர மறைப்பும் வாரும் உள்ள குழந்தை சீட்டை, கம்பெனியை நம்பாமல், கடைகளுக்கே நேராகச் செய்து விற்கலாம். கடைக்காரர் கையில் காசு கொடுப்பார். 45 நாள் காத்திருக்க வேண்டாம். வாங்குகிற அம்மாவும் 350 ரூபாய் மிச்சம் பிடித்துத்தான் கடைக்கு வருகிறாள். அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சீட்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். வெல்டிங் மீது விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். குழந்தையை உட்கார வைத்து, சக்கரத்தைச் சுற்றாமலே, கால் எங்கே தொங்குகிறது என்று கவனிக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிக்கு எட்டுகிறது என்றால் வேறு சீட் எடுக்கச் சொல்ல வேண்டும்.